கேமரா மேல் மாட்டும் ரெக்கார்டருக்கு எந்த டிரைவ் வாங்குவது?

கேமரா தரும் படத்தை வாங்கித் தனியாகப் பதிவு செய்யும் அடாமோஸ் நின்ஜா வி, பிளாக்மேஜிக் வீடியோ அசிஸ்ட் போன்ற ரெக்கார்டரை வாங்கியவுடன் எழும் முதல் கேள்வி, அதற்குள் எதைப் போடுவது என்பதுதான். பெரும்பாலும் டிரைவ் கூட வருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நின்றால் எல்லா எஸ்எஸ்டி பெட்டியிலும் நொடிக்கு 500, 540, 560 மெகாபைட் என்று கிட்டத்தட்ட ஒரே வேகம் அச்சாகியிருக்கும். விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். வேகம் ஒன்றுதானே, மலிவானதை எடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்றால் நானும் அதையே சொல்வேன். ரெக்கார்டருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

கம்ப்யூட்டர் விட்டுவிட்டு எழுதும். ரெக்கார்டரோ பொத்தானை அழுத்தியதிலிருந்து நிறுத்தும்வரை இடைவெளியே இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கும். அதற்குள் இருக்கும் சிறிய தற்காலிக நினைவகம், டிரைவ் ஒரு கணம் தயங்கினால் சமாளித்துவிடும். தயக்கம் நீண்டால் பிரேம்கள் விடுபடும், அல்லது பதிவே நின்றுவிடும். அதனால் டிரைவின் உச்ச வேகத்தைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. எழுத எழுத, டிரைவ் நிறைய நிறைய, அது எந்த வேகத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது என்பதுதான் தெரிய வேண்டும். பெட்டியில் அந்த எண் இருக்காது.

நமக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்த ரெக்கார்டர்கள் பதியும் வீடியோ வடிவம் ஆப்பிளின் ப்ரோரெஸ்; அதில் தரம் குறையும் வரிசையில் 422 ஹெச்க்யூ, 422, எல்டி என்று நிலைகள் உண்டு. அதன் அட்டவணைப்படி 3840×2160 அளவில், நொடிக்கு 25 பிரேம், 422 ஹெச்க்யூ என்றால் 737 மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 92 மெகாபைட். வெறும் 422 என்றால் 492 மெகாபிட், அதாவது 61.5 மெகாபைட். எல்டி என்றால் 43 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். 50 பிரேமில் ஹெச்க்யூ எடுத்தால் 184 மெகாபைட். மணிக்கணக்கில் சொன்னால், 25 பிரேம் 422 ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 221 ஜிபி, ஹெச்க்யூ 332 ஜிபி. 1 டிபி டிரைவில் முன்னது நாலரை மணி நேரம் ஓடும், பின்னது மூன்று மணி நேரம்.

இந்த எண்களைப் பார்த்தால் சாட்டா (டிரைவை இணைக்கும் பழைய வகைச் செருகுவழி) எஸ்எஸ்டி எதுவும் போதும் போலத்தான் இருக்கிறது. 92 தேவைப்படும் இடத்தில் 550 தருகிறேன் என்கிறது. சிக்கல் உள்ளே இருக்கும் சில்லில்தான்.

பெட்டியில் எழுதாத எண்

இன்று சந்தையில் இருக்கும் எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு செல்லுக்கு மூன்று பிட் வைப்பவை டிஎல்சி, நான்கு பிட் வைப்பவை கியூஎல்சி. மூன்று பிட் என்றால் ஒரே செல்லில் எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்து வைக்க வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு. நிலைகள் கூடக் கூட எழுதும் வேலை நுணுக்கமாகிறது, நேரம் பிடிக்கிறது. இந்த மந்தத்தை மறைக்க, டிரைவின் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரே பிட் என்று வேகமாக எழுதும்படி நிறுவனங்கள் ஒதுக்கிவைக்கின்றன. வருவதையெல்லாம் முதலில் அங்கே கொட்டிவிட்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உண்மையான இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். பெட்டியில் போடும் வேகம் இந்த ஒதுக்கிடத்தின் வேகம். அது நிறைந்ததும் டிரைவின் அசல் வேகம் தெரியவரும்.

சாம்சங் இதைத் தன் விவரத்தாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. 870 கியூவிஓ 1 டிபி டிரைவில் ஒதுக்கிடம் அதிகபட்சம் 42 ஜிபி. அதற்குப் பிறகு எழுதும் வேகம் நொடிக்கு 80 மெகாபைட். நமக்கு வேண்டியது 92. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 92 மெகாபைட் வீதம் 42 ஜிபி நிறைய ஏழரை நிமிடம் ஆகும். கெட்டிமேளம் கேட்பதற்கு முன்பே பதிவை ஆரம்பித்துவிட்டுக் காத்திருக்கும் கல்யாண வீடியோகிராபருக்கு, அந்த ஏழரை நிமிடம் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் வந்து முடியலாம்.

அதே சாம்சங்கின் 870 ஈவோ 1 டிபி, டிஎல்சி வகை. ஒதுக்கிடம் நிறைந்த பிறகும் 530 மெகாபைட்டில் எழுதும் என்கிறது நிறுவனம். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, அதே பெயர்ப்பலகை, அதே அளவு. கடைக்காரர் "இது இல்ல சார், ஆனா கியூவிஓ இருக்கு, அதுவும் சாம்சங்தான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒரே டிரைவைப் பற்றி ஒருவர் ஆகா ஓகோ என்பதும் இன்னொருவர் திட்டித் தீர்ப்பதும் எதனால் என்பதும் இதில் தெரிந்துவிடும். குறும்படம் எடுப்பவர் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று ஷாட் எடுத்துவிட்டு அடுத்த லைட்டிங்குக்குக் காத்திருப்பார். அந்த இடைவெளியில் கியூஎல்சி டிரைவ் தன் ஒதுக்கிடத்தைக் காலிசெய்துகொள்ளும். அவருக்கு வருடக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. இரண்டு மணி நேர பரதநாட்டிய அரங்கேற்றத்தை ஒரே பதிவாக எடுப்பவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். எனவே விமர்சனம் படிக்கும்போது நட்சத்திரங்களை எண்ணாமல், எழுதியவர் என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள்.

2 டிபி கியூவிஓ கொஞ்சம் பரவாயில்லை. ஒதுக்கிடம் 78 ஜிபி, அதன் பிறகு 160 மெகாபைட். 25 பிரேம் ஹெச்க்யூ ஓடிவிடும், 50 பிரேம் ஹெச்க்யூ ஓடாது. ஆனால் அந்த விலைக்குச் சற்றே குறைவாக ஒரு நல்ல டிஎல்சி 1 டிபி கிடைக்கிறபோது இந்தத் தலைவலி எதற்கு?

இன்னொரு தொல்லை, பெயர் மாறாமலே உள்ளிருக்கும் சரக்கு மாறுவது. க்ரூஷியல் பி2 டிஎல்சியாக அறிமுகமாகி, பிறகு அதே பெயரில் கியூஎல்சியாக வந்தது 2021-இல் வெளியே தெரிந்தது. அதே வருடம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550-இலும் உள்ளே சில் மாறி, ஒதுக்கிடம் தீர்ந்த பிறகான வேகம் வெகுவாக இறங்கியது. இரண்டும் கம்ப்யூட்டருக்கான என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வேறு இணைப்பு) டிரைவ்கள், நின்ஜாவுக்குள் போகாது. ஆனால் பெரிய பெயர்களே இப்படிச் செய்யும்போது, விலை ஒன்றையே சொல்லி விற்கும் டிரைவ்களில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? டிரைவின் விவரத்தாளில் டிஎல்சி என்றோ கியூஎல்சி என்றோ எழுதாமல் வெறுமனே "3டி நாண்ட்" (அடுக்கடுக்கான சில் என்ற பொதுப்பெயர்) என்று மட்டும் இருந்தால், ரெக்கார்டருக்கு அது வேண்டாம்.

ரெக்கார்டர் நிறுவனங்கள் அங்கீகரித்த டிரைவ் பட்டியல் வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தப் பட்டியல் விற்பனைத் தந்திரம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியலில் மாடல் பெயரோடு கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1 டிபி தேறியது என்பதால் அதே வரிசையின் 250 ஜிபி தேறிவிடாது. சிறிய கொள்ளளவில் இணையாக எழுத சில்லுகள் குறைவு. 870 ஈவோவிலேயே 250 ஜிபி டிரைவ் ஒதுக்கிடம் தாண்டினால் 300 மெகாபைட்டுக்கு இறங்கிவிடுகிறது.

நின்ஜா வைத்திருப்பவருக்கு

2018-இல் வந்த நின்ஜா வி-யில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை மாஸ்டர் கேடி 3 என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் நான்கு திருகு போட்டு மாட்டுவது. இதுதான் செலவு குறைந்த வழி, என் ஓட்டும் இதற்குத்தான். குறை ஒன்றே: டிரைவ் ரெக்கார்டரின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிரைபாடில் வைத்து எடுப்பவருக்கு அது பொருட்டே இல்லை. கேமராவின் ஆட்டத்தைச் சமன்செய்யும் கிம்பலில் வைப்பவருக்குச் சமநிலை இடிக்கும், கூட்டத்தில் யார் தோளிலாவது முட்டவும் செய்யும்.

அதற்காக வந்ததுதான் இரண்டாவது வழியான எஸ்எஸ்டி மினி. சாதாரண டிரைவைவிட ஐந்தில் ஒரு பங்கு நீளம் குறைவு, ரெக்கார்டரோடு பொருந்தி உட்கார்ந்துவிடும். ஆஸ்திரியாவின் ஏஞ்சல்பேர்ட் போன்ற நிறுவனங்கள் ரெக்கார்டருக்கென்றே சோதித்து விற்கின்றன. விலை உறைக்கும், ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் சாதாரண சாட்டாவைவிட நிறையவே கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது அளவும், சோதித்த நிம்மதியும். கிம்பல்தான் பிழைப்பு என்றால் கொடுக்கலாம். இல்லையென்றால் அதே பணத்தில் இரண்டு சாதாரண டிரைவ் வாங்கிவிடலாம்.

மூன்றாவது, அடாப்டர் போட்டு சிஎஃப்எக்ஸ்பிரஸ் அல்லது சிஃபாஸ்ட் கார்டு போடுவது. கேமராவிலும் அதே கார்டு என்றால் ஒரே வகைக் கார்டைச் சுமந்தால் போதும் என்ற வசதி இருக்கிறது. வேகத்துக்காக மட்டும் இதை யோசிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். நின்ஜா வி-யின் அந்தச் செருகுவழி சாட்டாதான். கார்டில் 1700 என்று போட்டிருந்தாலும் வாசல் அகலம் 550 அளவுதான். சிஎஃப்எக்ஸ்பிரஸில் விபிஜி200, விபிஜி400 என்ற முத்திரைகள் இருக்கும். இவை உச்ச வேகத்தைச் சொல்வதில்லை, இறங்காத வேகத்தைச் சொல்கின்றன. நான் மேலே தேடிக்கொண்டிருந்த எண் இதுதான். சாட்டா எஸ்எஸ்டிக்கும் இப்படி ஒரு முத்திரை இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சாட்டாவில் எதை வாங்கலாம்? 870 ஈவோ 1 டிபி என் முதல் தேர்வு. க்ரூஷியல் எம்எக்ஸ்500-உம் டிஎல்சி, சொந்த டிராம் (டிரைவுக்கென்று தனி வேக நினைவகம்) உள்ளது, பலரும் நின்ஜாவில் போட்டு ஓட்டிய டிரைவ். ஆனால் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இனிக் கிடைப்பது மிச்சச் சரக்கு. வாரண்டியை விற்பவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் வாங்க வேண்டாம். அதே க்ரூஷியலின் பிஎக்ஸ்500 பெயரில் ஒன்றுபோல இருந்தாலும் வேறு ஜாதி, டிராம் கிடையாது. அதைப் பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை டிபி எழுதலாம் என்ற டிபிடபிள்யூ எண்ணை வைத்துத்தான் ஆட்கள் அதிகம் சண்டை போடுகிறார்கள். 870 ஈவோ 1 டிபிக்கு அது 600, எம்எக்ஸ்500-க்கு 360. நிகழ்ச்சிக்கு ஒரு முறை முழு டிரைவையும் நிரப்பினாலும் 360 நிகழ்ச்சி. அதற்குள் ரெக்கார்டரே பழசாகிவிடும். இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வீடியோ அசிஸ்ட் வைத்திருப்பவருக்கு

இங்கே களம் வேறு. 12ஜி மாடல்களில் 5 அங்குலத்தில் ஒரு எஸ்டி கார்டு வழி, 7 அங்குலத்தில் இரண்டு. கூடவே யூஎஸ்பி-சி வழியாக வெளி டிரைவிலும் பதியலாம். எஸ்டி கார்டில் வி30, வி60, வி90 என்ற குறிகள் முறையே 30, 60, 90 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்ற உறுதி. மேலே பார்த்த தேவையோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும்: 25 பிரேம் 422-க்கு 61.5 வேண்டும், வி60 தருவது 60. ஹெச்க்யூவுக்கு 92 வேண்டும், வி90 தருவது 90. இரண்டும் ஒரு முழம் குறைவு. நடைமுறையில் நல்ல வி90 கார்டுகள் உறுதியைவிடக் கூடுதலாகவே எழுதும், ஹெச்க்யூவும் ஓடிவிடும். ஆனால் உறுதிக்குள்ளேயே இருக்க வேண்டுமென்றால் வி90 கார்டில் 422 எடுங்கள். கல்யாணம், கச்சேரி, மேடை நிகழ்ச்சிக்கு 422-க்கும் ஹெச்க்யூவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் கண்டுபிடித்துச் சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வி90 கார்டின் பிரச்சினை விலை. ஒரு ஜிபி கணக்கில் சாட்டா எஸ்எஸ்டியைவிடப் பல மடங்கு. 256 ஜிபி கார்டில் 422 ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். 7 அங்குல மாடலில் ஒரு கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குத் தானாகத் தாவும் என்பதால் நிறைந்ததைக் கழற்றி வேறு போட்டுக்கொண்டே போகலாம். ஓடியாடி எடுக்கும்போது கேபிள் இல்லாத அந்த நிம்மதிக்கு விலை கொடுக்கலாம்தான்.

நீண்ட நிகழ்ச்சிக்கு யூஎஸ்பி-சி டிரைவ்தான் கட்டுப்படியாகும். சாம்சங் டி5 இந்த வேலைக்குப் பெயர் வாங்கியது. உள்ளே இருப்பது சாட்டா வகை என்பதால் பெரிதாகச் சூடாகாது. பின்னால் வந்த டி7 உள்ளே என்விஎம்இ, வேகம் இரட்டிப்பு, ஆனால் அந்த வேகம் ரெக்கார்டருக்குத் தேவைப்படுவதில்லை. கையில் டி5 இருந்தால் டி7-க்கு மாற ஒரு காரணமும் இல்லை. சொந்தமாக உறை வாங்கி என்விஎம்இ டிரைவ் போட்டுக்கொள்ளும் யோசனையை நான் ஊக்குவிக்க மாட்டேன். சித்திரை வெயிலில் பந்தலுக்கு வெளியே அது சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரமும் கூட இழுக்கும், அது ரெக்கார்டரின் பேட்டரியிலிருந்துதான் போகிறது.

வெளி டிரைவில் பெரிய பெயரும் காப்பாற்றாது என்பதற்கு 2023 சாட்சி. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம், எக்ஸ்ட்ரீம் ப்ரோ டிரைவ்கள் சில, திடீரென்று துண்டித்துக்கொண்டு தரவு இழந்தன என்று பலர் புகார் சொல்ல, வெஸ்டர்ன் டிஜிட்டல் அந்த வருடம் மே மாதம் திருத்திய ஃபர்ம்வேரை (டிரைவின் உள் மென்பொருளை) வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவில் வழக்குகளும் தொடரப்பட்டன. அந்த வரிசையில் பழைய டிரைவ் கைமாறி வந்தால் ஃபர்ம்வேர் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

ஆனாலும் யூஎஸ்பி-சி-யில் முதலில் கவிழ்வது டிரைவ் இல்லை, கேபிள். அந்தச் செருகிக்குப் பூட்டு கிடையாது. சட்டை நுனி பட்டால் போதும். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசம் பார்க்காமல் கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் ஒன்று மாட்டிவிடுங்கள். கேமராவின் மைக்ரோ ஹெச்டிஎம்ஐ-க்கும் அதே கவனம் தேவை. திரை கறுத்துப் பதிவு நின்றால் எல்லாரும் டிரைவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். தளர்ந்த ஹெச்டிஎம்ஐ தப்பித்துக்கொள்ளும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் பற்றிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு ஹெச்டி ஹெச்க்யூ 30 பிரேமில் நொடிக்கு 27 மெகாபைட் சொச்சம்தான், எனவே ஆரம்பகால நின்ஜாக்களில் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போட்டு ஓட்டினார்கள். அதிர்வு அதற்கு ஆகாது. 2008-இல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், டிஸ்க் அடுக்கின் முன் நின்று கத்தினாலே அதன் வேகம் தடுமாறுவதைக் காட்டினார். தவில் பக்கத்தில் அதை வைத்துப் பதிவு செய்வதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கிய பிறகு

டிரைவ் கைக்கு வந்ததும் வேகச் சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறோம். பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட் அதிகபட்சம் 5 ஜிபி எழுதி அழித்து எழுதி அழித்துப் பார்க்கும். கிறிஸ்டல் டிஸ்க்மார்க் சாதாரண அமைப்பில் 1 ஜிபி. இரண்டும் ஒதுக்கிடத்துக்குள்ளேயே விளையாடிவிட்டு வந்துவிடும், மோசமான கியூஎல்சி டிரைவும் நல்ல மதிப்பெண் வாங்கும். போலி டிரைவா என்று பார்க்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 நல்லவை. முழு டிரைவையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். 16 டிபி என்று சல்லிசாக விற்பவை இதில் மாட்டிக்கொள்ளும்.

அதைவிட நல்ல சோதனை ரெக்கார்டரிலேயே செய்வது. அதிலேயே ஃபார்மேட் செய்து, உங்கள் கேமரா தரும் மிகக் கனமான வடிவத்தில் டிரைவ் நிறையும்வரை ஒரே பதிவாக ஓட்டுங்கள். 50 பிரேம் ஹெச்க்யூவில் 1 டிபி ஒன்றரை மணி நேரத்தில் நிறையும். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். ப்ரோரெஸ் படத்துக்குத் தகுந்தபடி அளவு மாறும். கறுப்புத் திரைக்கு அது கொஞ்சம்தான் எழுதும், டிரைவுக்கு வேலையே இருக்காது. காற்றில் ஆடும் வேப்பமரத்தைப் பார்த்து வைத்தால் சரியாக இருக்கும். ஒரு பிரேமும் விடுபடவில்லை என்றால் அந்த டிரைவில் பெயர் ஒட்டி பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

2 டிபி ஒன்றா, 1 டிபி இரண்டா என்றால் இரண்டாவதுதான். நாதஸ்வரம் நின்று சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் டிரைவை மாற்றிவிட்டு, காலை நிகழ்ச்சியை உதவியாளரிடம் காப்பி போடக் கொடுத்துவிடலாம். ஒன்று கீழே விழுந்து உடைந்தாலும் பாதி நாளாவது மிஞ்சும். கேமரா அனுமதித்தால் உள்ளே இருக்கும் கார்டிலும் ஒரு பிரதி ஓடட்டும். எல்லாக் கேமராவும் அனுமதிக்காது; நிக்கான் இசட்6-இல் 10 பிட் என்-லாக் (பிறகு நிறம் திருத்த வசதியான நிக்கானின் பட வடிவம்) வெளியே அனுப்பும்போது உள்ளே பதியாது.

பேட்டரி தீர்ந்து பதிவு நடுவில் அறுந்தால் பதற வேண்டாம். கோப்பின் அட்டவணை மூடப்படாமல் கிடப்பதால்தான் அது திறக்காது. கம்ப்யூட்டரில் செருகிப் பரிசோதிக்காமல், அதே டிரைவை அதே ரெக்கார்டரில் போட்டு ஆன் செய்யுங்கள். பல ரெக்கார்டர்கள் அந்தக் கோப்பைத் தாங்களே மீட்கப் பார்க்கும். வீடியோ அசிஸ்டில் எக்ஸ்ஃபேட், ஹெச்எஃப்எஸ் பிளஸ் என இரண்டு ஃபார்மேட்டும் உண்டு. மேக்கில் எடிட் செய்பவர் இரண்டாவதை எடுப்பது நல்லது. அதில் ஜர்னலிங் (எழுதும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் வசதி) இருப்பதால் இப்படி அறுந்த நேரத்தில் மீட்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், படத்தை அந்த எஸ்எஸ்டியிலேயே வைத்து அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டி தரவை என்றென்றும் பிடித்து வைத்திருக்காது. சில் துறையின் ஜெடெக் அமைப்பு வகுத்த தரநிலை வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பதே, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் 30 டிகிரியில் ஓராண்டு. புதிய டிரைவ் அதைவிட நிறையவே தாங்கும், ஆனால் நம் ஊர் அலமாரி 30 டிகிரியில் நிற்பதில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டையும் ஒரு முறை திறந்து பார்த்த பிறகு எஸ்எஸ்டியை ரெக்கார்டரில் போட்டு ஃபார்மேட் செய்யலாம்.